உலா ஜூம் வில்லை

உலா ஜூம் வில்லை என்பது, ஒளிப்படக்கருவியுடன் வெளியே செல்லும் ஒருவர் அடிக்கடி வில்லையைக் கழற்றி மாட்டாமல், தாம் காணும் பெரும்பாலான காட்சிகளை எடுப்பதற்காகக் கருவியிலேயே பொருத்தி வைத்திருக்கும் ஜூம் வில்லை ஆகும். அகன்ற தெருக்காட்சி, மனிதர் குழு, தனியொருவரின் முகம், சற்றுத் தொலைவில் உள்ள கட்டிட வேலைப்பாடு ஆகிய நான்கையும் ஒரே வில்லையால் எடுக்க முடிவதே இதன் பயன். இது எந்த ஒரு பணிக்கும் தனிச்சிறப்பான கருவி அன்று. பல பணிகளுக்குப் போதுமான கருவி எனலாம்.

ஒரு வகை உலா வில்லையை வைத்திருப்போர், அதனை விற்று மற்றொரு வகையை வாங்கலாமா என எண்ணுவது ஒளிப்படக்கலையில் பரவலாகக் காணப்படும் நிகழ்வாகும். இம்மாற்றத்தில் பொதுவாக ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது. குவியத்தூர வீச்சு, ஒளி, எடை, விலை ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதே இதற்குக் காரணம். இக்கட்டுரை அத்தகைய தேர்வின் அடிப்படைகளை, கேனான் நிறுவனத்தின் இரு வில்லைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

குவியத்தூரத்தை மாற்றக்கூடிய வில்லைகள் முதலில் திரைப்படத்துறையில் பயன்பட்டன. 1932 இல் வெளிவந்த பெல் அண்ட் ஹவல் குக் வேரோ 40-120 மி.மீ. வில்லை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அசையாப் படம் எடுக்கும் 35 மி.மீ. ஒளிப்படக்கருவிக்கென உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஜூம் வில்லை, 1959 இல் வெளிவந்த ஃபோக்ட்லாண்டர் சூமார் 36-82 மி.மீ. எஃப்/2.8 ஆகும். இதனை வடிவமைத்தவர் பிராங்க் பேக். 1963 இல் நிக்கான் நிறுவனம் 43-86 மி.மீ. எஃப்/3.5 வில்லையை வெளியிட்டது. அது பரவலாக விற்பனையானது. ஆயினும் அதன் முந்தைய பதிப்பின் உருத்திரிபும் எதிரொளிப்பும் குறைகூறப்பட்டன.

அக்காலத்தில் ஒளிப்படக்கருவியுடன் சேர்த்து விற்கப்பட்டது பெரும்பாலும் 50 மி.மீ. நிலைக் குவிய வில்லையே. 1980களில் 35-70 மி.மீ. ஜூம் வில்லைகள் மெல்ல அதன் இடத்தைப் பிடித்தன. 1992 இல் டாம்ரான் நிறுவனம் 28-200 மி.மீ. வில்லையை வெளியிட்டு, மிக நீண்ட வீச்சு கொண்ட வில்லைகளைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1995 இல் கேனான் வெளியிட்ட 75-300 மி.மீ. வில்லையில், ஒற்றை வில்லைப் படக்கருவிகளுக்கான மாற்று வில்லைகளில் முதன்முறையாக உரு நிலைப்படுத்தி இடம்பெற்றது.

2003 இல் கேனான் ஈ.ஓ.எஸ் 300டி கருவியுடன் ஈ.எஃப்-எஸ் என்னும் வில்லை வகை அறிமுகமானது. இது 35 மி.மீ. படச்சுருளை விடச் சிறிய ஏ.பி.எஸ்-சி அளவு உணரிக்கு மட்டும் ஒளி வீழ்த்தும் வகையில் அமைந்தது. சிறிய உணரிக்கென அகலக் கோண வில்லைகளைச் சிறிய உருவில் செய்வது இதனால் எளிதாயிற்று. 2004 இல் 17-85 மி.மீ., 2006 இல் 17-55 மி.மீ., 2009 இல் 15-85 மி.மீ. என இவ்வகையில் உலா வில்லைகள் அடுத்தடுத்து வந்தன. நிக்கான் தன் சிறிய உணரிக் கருவிகளுக்கென 2005 இல் 18-200 மி.மீ. வில்லையையும் 2008 இல் 16-85 மி.மீ. வில்லையையும் வெளியிட்டது. பயனர் ஒருவருக்குப் பல உலா வில்லைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவை இக்காலப்பகுதியில்தான் பெரிதும் எழுந்தது.

அடிப்படைக் கருத்துகள்

குவியத்தூரமும் பார்வைக் கோணமும்

ஒரு வில்லையின் குவியத்தூரம் குறையும்போது அது காணும் பரப்பு விரிகிறது. கூடும்போது பரப்பு குறுகி, தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தெரிகிறது. காணும் பரப்பு உணரியின் அளவையும் சார்ந்தது. கேனானின் ஏ.பி.எஸ்-சி உணரி ஏறத்தாழ 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் கொண்டது. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட உணரியுடன் ஒப்பிட, குவியத்தூரத்தை 1.6 ஆல் பெருக்கினால் ஒத்த பார்வைக் கோணம் கிடைக்கும். எனவே இச்சிறிய உணரியில் 15 மி.மீ. வில்லை, முழுச்சட்டக் கருவியில் 24 மி.மீ. வில்லை காணும் அளவையே காணும்.

துளை எண்

குவியத்தூரத்தை ஒளிபுகு துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது துளை எண் ஆகும். எண் சிறிதாயின் துளை பெரிது. உணரியில் விழும் ஒளியின் செறிவு, துளை எண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறும். எனவே எஃப்/2.8 துளை, எஃப்/5.6 துளையைப் போல நான்கு மடங்கு ஒளியைத் தருகிறது. இதனை ஒளிப்படக்கலைஞர் இரண்டு படிகள் என்பர். ஒவ்வொரு படியும் ஒளியை இரு மடங்காக்குகிறது.

சில ஜூம் வில்லைகளில் பெரும அளவுத் துளை எண் வீச்சு முழுவதும் மாறாதிருக்கும். வேறு சிலவற்றில் குவியத்தூரம் கூடக்கூடத் துளை எண்ணும் கூடும். எஃப்/3.5-5.6 என்னும் குறியீடு இரண்டாம் வகையைச் சுட்டுகிறது. முதல் வகைக்குப் பெரிய கண்ணாடிகள் தேவைப்படுவதால், அவ்வில்லைகள் எடையும் விலையும் மிக்கவையாகவும் வீச்சில் குறுகியவையாகவும் அமைகின்றன.

உரு நிலைப்படுத்தி

கையால் பிடித்து எடுக்கும்போது ஏற்படும் அதிர்வை, வில்லைக்குள் உள்ள ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்தி ஈடுசெய்யும் பொறிமுறை உரு நிலைப்படுத்தி ஆகும். இதன் திறனும் படிகளிலேயே கூறப்படுகிறது. நான்கு படித் திறன் எனில், 16 மடங்கு நீண்ட ஒளிபடு நேரத்திலும் கை அதிர்வு படத்தைக் கெடுக்காது என்பது பொருள். ஆனால் இது எடுப்பவரின் கை அதிர்வை மட்டுமே ஈடுசெய்யும். எடுக்கப்படும் மனிதரோ விலங்கோ அசைந்தால் ஏற்படும் மங்கலை இதனால் தடுக்க இயலாது. வில்லைத் தேர்வில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த வேறுபாட்டைக் கருதாமையால் எழுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு ஒப்பீடு

கேனான் ஈ.எஃப்-எஸ் 17-55 மி.மீ. எஃப்/2.8 வில்லையும், ஈ.எஃப்-எஸ் 15-85 மி.மீ. எஃப்/3.5-5.6 வில்லையும் ஒரே வகைக் கருவிக்கு, ஒரே பயன்பாட்டை நோக்கி, இரு வேறு முறைகளில் வடிவமைக்கப்பட்டவை. இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாமா என்னும் வினா, உலா வில்லை மாற்றத்தின் எல்லாக் கூறுகளையும் கொண்டுள்ளது.

17-55 மி.மீ. வில்லை:
- வெளியான ஆண்டு: 2006
- பெரும அளவுத் துளை: வீச்சு முழுவதும் எஃப்/2.8
- கண்ணாடிகள்: 12 தொகுதிகளில் 19
- எடை: 645 கிராம்
- நீளம்: 110.6 மி.மீ.
- வடிகட்டி விட்டம்: 77 மி.மீ.
- உரு நிலைப்படுத்தி: மூன்று படிகள்
- மிகக் குறைந்த குவியத் தொலைவு: 35 செ.மீ.

15-85 மி.மீ. வில்லை:
- வெளியான ஆண்டு: 2009
- பெரும அளவுத் துளை: எஃப்/3.5 முதல் எஃப்/5.6 வரை
- கண்ணாடிகள்: 12 தொகுதிகளில் 17
- எடை: 575 கிராம்
- நீளம்: 87.5 மி.மீ.
- வடிகட்டி விட்டம்: 72 மி.மீ.
- உரு நிலைப்படுத்தி: நான்கு படிகள்
- மிகக் குறைந்த குவியத் தொலைவு: 35 செ.மீ.

அகல முனை

15 மி.மீ.க்கும் 17 மி.மீ.க்கும் இடையே உள்ள இரண்டு மி.மீ. சிறிதெனத் தோன்றினும் அதன் விளைவு சிறிதன்று. 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில், 15 மி.மீ. வில்லை ஏறத்தாழ 7.4 மீட்டர் அகலத்தைக் காணும். 17 மி.மீ. வில்லை 6.6 மீட்டரையே காணும். அதே 7.4 மீட்டரைப் பெற, 17 மி.மீ. வில்லையை வைத்திருப்பவர் ஏறத்தாழ 67 செ.மீ. பின்னே நகர வேண்டும். திறந்த வெளியில் இது ஓர் அடி வைப்பதே. குறுகிய அறையிலோ தெருவிலோ முதுகுக்குப் பின் சுவர் இருந்தால் இது இயலாது. விடுபட்ட பரப்பைப் பின்னர் எம்மென்பொருளாலும் ஒரே படத்திலிருந்து மீட்க முடியாது. அசையாத காட்சியாயின் பல படங்களை எடுத்து ஒட்டலாம்.

நீள முனை

85 மி.மீ. வில்லை, 55 மி.மீ. வில்லையை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாகப் பொருளைக் காட்டும். இந்த இழப்பு அகல முனை இழப்பைப் போன்றதன்று. 55 மி.மீ.இல் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி, 85 மி.மீ. காணும் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். அவ்வாறு வெட்டினால் படப்புள்ளிகளில் 42 விழுக்காடு எஞ்சும். 2.4 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட கருவியில் ஒரு கோடிப் புள்ளிகள் கிடைக்கும். ஏ4 தாள் அளவில் அச்சிட இது போதுமானது. ஆயினும் பறவைகளையோ மேடை நிகழ்ச்சிகளையோ எடுக்க விரும்புவோருக்கு 85 மி.மீ.உம் போதாது. அவர்களுக்குத் தனித் தொலைவில்லையே தேவை. எனவே 85 மி.மீ. என்னும் நீளத்துக்காக மட்டும் வில்லையை மாற்றுவது பெரும்பாலும் முழுநிறைவு தராது.

ஒளி

இரு வில்லைகளுக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு, குவியத்தூரத்தைப் பொறுத்து மாறுகிறது. அகல முனையில் எஃப்/2.8, எஃப்/3.5 ஆகியவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 1.6 மடங்கு மட்டுமே. 55 மி.மீ. அருகே இரண்டாம் வில்லையின் துளை ஏறத்தாழ எஃப்/5 ஆகக் குறுகிவிடுவதால், வேறுபாடு 3.2 மடங்காகிறது.

இதன் பொருளை ஒரு கணக்கால் அறியலாம். விளக்கொளி உள்ள ஓர் அறையில், 55 மி.மீ. குவியத்தூரத்தில், ஐ.எஸ்.ஓ 1600 உணர்திறனில், எஃப்/5 துளைக்கு 1/20 நொடி தேவைப்படுவதாகக் கொள்வோம். அதே அறையில் எஃப்/2.8 துளைக்கு ஏறத்தாழ 1/60 நொடி போதும். அமர்ந்து உரையாடும் ஒருவரை 1/60 நொடியில் தெளிவாக எடுக்க வாய்ப்புண்டு. 1/20 நொடியில் அவ்வாய்ப்புக் குறைவு. ஓடி விளையாடும் குழந்தைக்கு 1/250 நொடி தேவை எனக் கொண்டால், எஃப்/2.8 துளைக்கு ஐ.எஸ்.ஓ 6400 உம், எஃப்/5 துளைக்கு ஏறத்தாழ ஐ.எஸ்.ஓ 20000 உம் வேண்டியிருக்கும். முதலாவது இரைச்சல் மிக்கதாயினும் பயன்படுத்தத்தக்க படத்தைத் தரலாம். இரண்டாவது பல கருவிகளில் பயன்படாத படத்தையே தரும். எஃப்/2.8 வில்லைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதன் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது.

அசையாப் பொருள்களில் நிலைமை வேறு. 55 மி.மீ.இல் நிலைப்படுத்தி இன்றிக் கையால் எடுக்க 1/90 நொடி தேவை என்பது பொது விதி. மூன்று படி உதவியுடன் 17-55 மி.மீ. வில்லை 1/11 நொடி வரையிலும், நான்கு படி உதவியுடன் 15-85 மி.மீ. வில்லை 1/6 நொடி வரையிலும் செல்ல முடியும். நேர வேறுபாட்டைக் கணக்கிட்டால், 3.2 மடங்காக இருந்த ஒளி வேறுபாடு 1.6 மடங்காகச் சுருங்குகிறது. எனவே மாலைநேரக் கட்டிடங்கள், கோயில் உட்புறங்கள், அருங்காட்சியகப் பொருள்கள் ஆகியவற்றையே மிகுதியாக எடுப்பவருக்கு எஃப்/2.8 துளையால் கிடைக்கும் ஆதாயம் எதிர்பார்ப்பதை விடக் குறைவு.

பின்புல மங்கல்

முகப் படங்களில் பின்புலம் மங்கித் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலர் பெரிய துளை வில்லையை நாடுகின்றனர். ஒரே அளவில் முகம் தெரியுமாறு எடுக்கும்போது, மிகத் தொலைவில் உள்ள பின்புலத்தின் மங்கல், துளை எண்ணை மட்டும் சார்ந்திராது. ஒளிபுகு துளையின் விட்டத்தையே சார்ந்திருக்கும். 55 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/2.8 துளையும் உள்ளபோது விட்டம் 19.6 மி.மீ. ஆகும். 85 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/5.6 துளையும் உள்ளபோது விட்டம் 15.2 மி.மீ. ஆகும். துளை எண்களில் இரு மடங்கு வேறுபாடு இருந்தும், மங்கலில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.3 மடங்கே. பின்புலம் பொருளுக்கு அருகில் இருந்தால் எஃப்/2.8 வில்லையின் முன்னிலை இதனினும் கூடுதலாக இருக்கும்.

தானியங்கிக் குவியம்

கேனானின் பல ஒற்றை வில்லைப் படக்கருவிகளில், நடுவிலுள்ள குவியப் புள்ளி, எஃப்/2.8 அல்லது அதனினும் பெரிய துளை கொண்ட வில்லை பொருத்தப்படும்போது கூடுதல் துல்லியத்துடன் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. பெரிய துளை, காண்குறியில் தெரியும் காட்சியையும் ஒளிமிக்கதாக்குகிறது. உணரியிலேயே குவியத்தைக் கணிக்கும் ஆடியில்லாக் கருவிகளுக்கு இவ்வேறுபாடு அதே வடிவில் பொருந்தாது.

எடையும் உருவமும்

எடை வேறுபாடு 70 கிராம் மட்டுமே. ஆனால் நீள வேறுபாடு 23 மி.மீ. ஆகும். சிறிய பையில் கருவியை வைத்துச் செல்வோருக்கு எடையை விட நீளமே கருதத்தக்கது. உலா வில்லையின் முதன்மைப் பண்பு, அது வீட்டில் விடப்படாமல் உடன் வருவதே. பெரிது எனக் கருதி வீட்டில் விடப்படும் வில்லையின் ஒளியோ வீச்சோ பயன்தராது.

தீர்மானிக்கும் முறை

சொந்தப் படங்களை ஆராய்தல்

எண்ணிம ஒளிப்படக்கருவிகள் ஒவ்வொரு படத்துடனும் குவியத்தூரம், துளை எண், ஒளிபடு நேரம், ஐ.எஸ்.ஓ ஆகியவற்றை எக்சிஃப் என்னும் தரவாகப் பதிகின்றன. ஓராண்டுப் படங்களின் எக்சிஃப் தரவைத் தொகுத்துப் பார்ப்பது, பிறர் கருத்துகளை விட நம்பத்தக்க வழிகாட்டியாகும். எடுத்துப் பின் அழித்தவற்றைச் சேர்க்காமல், வைத்துக்கொண்ட படங்களை மட்டும் கணக்கிடுவது நன்று.

17-55 மி.மீ. வில்லை வைத்திருக்கும் ஒருவரிடம் 1000 படங்கள் உள்ளதாகக் கொள்வோம். அவற்றுள் 250 படங்கள் 17 மி.மீ.இலும், 80 படங்கள் 55 மி.மீ.இலும், எஞ்சியவை இடையிலும் எடுக்கப்பட்டவை எனில், அவருக்கு அகல முனையே நெருக்கடி தருகிறது என ஊகிக்கலாம். மாறாக, 400 படங்கள் எஃப்/2.8 துளையில், ஐ.எஸ்.ஓ 1600 அல்லது அதற்கு மேல், மனிதரை எடுத்தவையாக இருந்தால், எஃப்/5 வரை குறுகும் வில்லைக்கு மாறுவது அவற்றுள் பலவற்றை இழப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வாய்வில் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வில்லையின் இரு முனைகளிலும் படங்கள் குவிவது இயல்பு. வளையத்தை இறுதிவரை திருப்பும் பழக்கமும் இதற்குக் காரணமாகலாம். அம்முனைப் படங்களைப் பார்த்து, உண்மையிலேயே இன்னும் அகலமோ நீளமோ தேவைப்பட்டதா என முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வில்லையால் எடுக்க முடியாத படங்கள் தரவில் இடம்பெறா. எடுக்க விரும்பி விட்டுவிட்ட காட்சிகளை ஒரு குறிப்பேட்டில் சில வாரங்கள் எழுதிவருவது இக்குறையை ஈடுசெய்யும்.

இழப்பை முன்கூட்டியே உணர்தல்

புதிய வில்லை தரும் ஆதாயத்தை அது கைக்கு வரும் முன் நேரில் உணர முடியாது. ஆனால் அதனால் வரும் இழப்பைப் பழைய வில்லையைக் கொண்டே உணர முடியும். 17-55 மி.மீ. வில்லையை விற்க எண்ணுபவர், இரண்டு வாரங்களுக்குத் துளையை எஃப்/5 க்கு மேல் திறக்காமல் படமெடுத்துப் பார்க்கலாம். 15-85 மி.மீ. வில்லையை விற்க எண்ணுபவர், 17 மி.மீ.க்குக் கீழும் 55 மி.மீ.க்கு மேலும் செல்லாமல் அதே காலம் படமெடுக்கலாம். இக்கட்டுப்பாடு பெரிதாக உறுத்தவில்லை எனில் மாற்றம் இடர் குறைந்தது. முதல் நாளிலேயே கட்டுப்பாட்டை மீற நேர்ந்தால், விற்க எண்ணிய பண்பே அவருக்குத் தேவையானது என்பது தெளிவாகும். வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் புதிய வில்லையை ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்து ஆதாயத்தையும் அறியலாம்.

செலவுக் கணக்கு

மாற்றத்தின் செலவு இரு வில்லைகளின் விலை வேறுபாடு மட்டும் அன்று. புதிய வில்லையின் விலையுடன், புதிய அளவு வடிகட்டி, தனியே வாங்க வேண்டிய ஒளிமறைப்பு ஆகியவற்றைக் கூட்டி, பழைய வில்லையை விற்றால் உண்மையில் கையில் கிடைக்கும் தொகையைக் கழிக்க வேண்டும். 77 மி.மீ. வடிகட்டிகளை ஏற்கனவே வைத்திருப்பவர் 72 மி.மீ. வில்லைக்கு மாறினால், விலை குறைந்த ஓர் இணைப்பு வளையத்தால் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எனினும் அப்போது ஒளிமறைப்பைப் பொருத்துவது பெரும்பாலும் இயலாது.

பழைய வில்லையை முன்பு எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்பது இக்கணக்கில் இடம்பெறக் கூடாது. அத்தொகை ஏற்கனவே செலவாகிவிட்டது. இன்று அது எவ்வளவுக்கு விற்கும் என்பதே பொருட்டு.

மாற்றாமல் சேர்த்தல்

பல வேளைகளில் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குவதை விட, இருப்பதை வைத்துக்கொண்டு சிறிய நிலைக் குவிய வில்லை ஒன்றைச் சேர்ப்பது சிக்கனமானது. 2015 இல் வெளிவந்த கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 வில்லை 160 கிராம் எடையே கொண்டது. அது எஃப்/5 துளையை விட 7.7 மடங்கும், எஃப்/2.8 துளையை விட 2.4 மடங்கும் ஒளியைத் தருகிறது. ஆனால் அதில் உரு நிலைப்படுத்தி இல்லை. 2014 இல் வெளிவந்த ஈ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 வில்லை 125 கிராம் எடை கொண்டது. பகலில் நீண்ட வீச்சு வில்லையும், இரவில் இத்தகைய சிறு வில்லையும் பயன்படுத்துவோருக்கு ஜூம் வில்லையில் எஃப்/2.8 துளை கட்டாயத் தேவை ஆகாது.

இவ்வழிக்கும் ஒரு குறையுண்டு. திருமணம் போன்ற, ஒளி குறைந்தும் நிகழ்வுகள் விரைந்தும் செல்லும் இடங்களில் வில்லையைக் கழற்றி மாட்ட நேரமிராது. அத்தகைய பணிகளில் மாறாத் துளை கொண்ட ஜூம் வில்லைக்கு ஈடு இல்லை.

பயன்படுத்தப்பட்ட வில்லையைச் சோதித்தல்

பழைய வில்லையை வாங்கும்போது பின்வருவனவற்றைச் சோதிப்பது வழக்கம்:

- கைவிளக்கை ஒருபுறமிருந்து பாய்ச்சி, மறுபுறமிருந்து உள்ளே பார்த்தல். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் மிக்க கடலோரப் பகுதிகளில் பயன்பட்ட வில்லைகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி. சில தூசித் துகள்கள் படத்தைப் பாதிப்பதில்லை. பூஞ்சை பரவினால் கண்ணாடியின் மேற்பூச்சு அரிக்கப்படும்.
- செங்கற்சுவர் போன்ற தட்டையான பரப்பை நேராக நின்று, மிகப் பெரிய துளையில் எடுத்தல். நான்கு மூலைகளுள் ஒன்று மட்டும் மங்கலாயின் கண்ணாடித் தொகுதி மையம் விலகியிருக்கலாம்.
- நிலைப்படுத்தியை இயக்கியும் நிறுத்தியும், நீள முனையில், நீண்ட ஒளிபடு நேரத்தில் பல படங்கள் எடுத்து ஒப்பிடுதல்.
- எல்லாக் குவியத்தூரங்களிலும் துளையை மிகச் சிறிதாக்கி எடுத்தல். துளை இதழ்களை இயக்கும் மின்கம்பியில் பழுது இருந்தால் கருவி பிழைச்செய்தி காட்டும்.
- வில்லையைத் தலைகீழாகப் பிடித்தல். குழல் தானே நீண்டு இறங்கினால், உள்ளமைப்பு தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

கருவி மாற்றமும் வில்லை மாற்றமும்

ஒளிப்படக்கருவியையும் மாற்றும் எண்ணம் உள்ளவர், அதனை முதலில் முடிவு செய்வது நன்று. ஈ.எஃப்-எஸ் வில்லைகளைக் கேனானின் முழுச்சட்ட ஒற்றை வில்லைப் படக்கருவிகளில் பொருத்த முடியாது. 2018 இல் கேனான் ஆர்.எஃப் இணைப்பு கொண்ட ஆடியில்லாக் கருவிகளை அறிமுகப்படுத்தியது. இவற்றில் ஓர் இணைப்பியின் உதவியுடன் ஈ.எஃப்-எஸ் வில்லைகளைப் பயன்படுத்தலாம். ஆயினும் முழுச்சட்ட உணரியாயின் அதன் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். படப்புள்ளிகளில் ஏறத்தாழ 39 விழுக்காடே எஞ்சும். 2022 இல் வெளிவந்த ஈ.ஓ.எஸ் ஆர்7 போன்ற ஏ.பி.எஸ்-சி உணரிக் கருவிகளில் இவ்விழப்பு இல்லை. அக்கருவியின் உடலிலேயே நிலைப்படுத்தியும் உள்ளது.

உணரி அளவை மாற்றும்போது, துளை எண்ணையும் 1.6 ஆல் பெருக்கி ஒப்பிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால், ஏ.பி.எஸ்-சி உணரியில் 17-55 மி.மீ. எஃப்/2.8 வில்லை, முழுச்சட்டத்தில் ஏறத்தாழ 27-88 மி.மீ. எஃப்/4.5 வில்லைக்கு ஒப்பானது. முழுச்சட்டக் கருவிகளுக்கென 2005 இல் வெளிவந்த 24-105 மி.மீ. எஃப்/4 வில்லை, வீச்சிலும் மொத்த ஒளியிலும் இதனை விஞ்சுகிறது. அதன் எடை 670 கிராம். அதாவது 17-55 மி.மீ. வில்லையை விட 25 கிராமே கூடுதல். எனினும் முழுச்சட்டக் கருவியின் உடல் விலையையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களின் வளர்ச்சியும் இத்தேர்வைப் பாதித்துள்ளது. 2023 இல் அடோபி நிறுவனம் தன் லைட்ரூம் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் இரைச்சல் நீக்கியைச் சேர்த்தது. இத்தகைய கருவிகளால், முன்பு பயன்படாதெனத் தள்ளப்பட்ட உயர் ஐ.எஸ்.ஓ படங்கள் பலவும் பயன்படத்தக்கனவாகின்றன. இதனால் சிறிய துளை வில்லைகளின் குறை ஓரளவு குறைந்துள்ளது. ஆனால் நீண்ட ஒளிபடு நேரத்தில் அசைந்து மங்கிய முகத்தை, அம்மென்பொருளால் உள்ளது உள்ளவாறு மீட்க இயலாது. ஆகவே உயர் ஐ.எஸ்.ஓவை ஏற்றுக்கொண்டு ஒளிபடு நேரத்தைக் குறைத்து எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கே இம்முன்னேற்றம் முழுப்பயன் தரும்.